பணிப்பாளரின் சட்டைப்பை

சிலருக்கு வெற்றிலைப் பைத்தியம், சிலருக்குச் சீட்டுப் பைத்தியம். சுலோஜனாவுக்குக் கொப்பிப் பைத்தியம். அதுவும் உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் குறிப்புக் கொப்பிகள்தான். யாருக்கும் தொந்தரவில்லாத இந்தப் பைத்தியத்தை அவள் பாட்டுக்கு விட்டிருக்கலாம். ஆனால் அவள் வேலை பார்த்தது ஓர் அரச பணியகத்தில். அங்கே யாருக்கும் தொந்தரவில்லாத எதையும் விட்டுவைக்கும் வழக்கம் இல்லை.

வாவி நீர்மட்ட ஒருங்கிணைப்புப் பணியகம் என்பது அதன் பெயர். சுலோஜனா அங்கே நீர்மட்ட வாசிப்பாளர். காலையும் மாலையும் பாலத்தடிக்குப் போய், தூணில் அடித்திருக்கும் அளவுப் பலகையைப் பார்த்து, வாவி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று எழுதி வர வேண்டும். மழைக் காலத்தில் இந்த எழுத்தை வைத்துத்தான் ஆற்றுவாய் வெட்டுவதா இல்லையா என்று முடிவெடுப்பார்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணல் அடைத்துக்கொண்டு கிடக்கும். நேரத்துக்கு வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடிவிடும். முந்தி வெட்டினால் மீன் பிடிக்கிற சனம் ஏசும். பிந்தினால் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள வயல் வட்டைகள் எல்லாம் பயிரோடு தாழ்ந்துபோகும். அப்படியொரு வட்டையில்தான் சுலோஜனாவின் கணவன் வினோஜன் குத்தகைக்கு விதைத்திருந்தான். அந்த வீட்டின் ஒரு வருசச் சோறு அது.

பாலத்தடியில் நின்று எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. உப்புக் காற்று, தூவானம், வியர்த்த கை. மாமாங்கத் திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மட்டைக் கொப்பியை முதலில் கொண்டு போனாள். அதன் தாள் மையைக் குடித்தது. ஒரு பக்கத்தில் எழுதியதை மூன்று பக்கத்திலும் வாசிக்கலாம். பிறகு நல்ல தாள் உள்ள கொப்பி ஒன்று கிடைத்தது. அதற்கு ஜெல் பேனை சரிவரவில்லை. ஈரக் காற்றில் மை காயாமல் எண்களெல்லாம் அவளுடைய பெருவிரலுக்குக் குடிபெயர்ந்தன. மைப் பேனை சேலையில் ஒழுகியது. கூர் முனைப் பேனை தாளைக் கீறிக் கிழித்தது. கடைசியில் காத்தான்குடியில் கொப்பிக் கடை வைத்திருந்த, ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஹமீட் காக்காவிடம் போய் நின்றாள்.

"புள்ள, பேனைய மட்டும் பாத்து வாங்கப்படாது" என்றார் ஹமீட் காக்கா. "கொப்பிக்கும் பேனைக்கும் பொருத்தம் பாக்கணும். ஒண்டு நல்லாயிருந்து மற்றது சரியில்லாட்டி நாசந்தான்."

"அப்ப நீங்களே பொருத்தம் பாத்துத் தாங்க காக்கா."

காக்காவுக்கு இதில் ஒரு ருசி உண்டு. கடையில் சனம் இல்லாத மத்தியான நேரங்களில் இரண்டு பேரும் கண்ணாடி மேசையில் கொப்பிகளைப் பரப்பிப் பேனைகளைக் கிறுக்கிப் பார்த்தார்கள். காக்கா தாளில் தண்ணீர் தொட்டு வைப்பார். அவள் அதன் மேல் எழுதிப் பார்ப்பாள். எழுதாத பேனைகளைக் காக்கா பெயர் சொல்லி ஏசுவார். கடைசியில் கட்டாரிலிருந்து வந்த மகன் றிஸ்லான் வாப்பாவுக்கென்று கொண்டுவந்த கறுப்புப் பேனை ஒன்றை மேசை லாச்சிக்குள்ளிருந்து எடுத்தார். தடித்த மை. மேல்பக்கமாகத் திறக்கும், நூலால் தைத்த ஒரு குட்டிக் கொப்பியை ஈரமாக்கி அதில் எழுதச் சொன்னார். கோடு விடாமல் போயிற்று. அவள் விரலால் தேய்த்தாள். அப்படியே இருந்தது. சுலோஜனா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"கொண்டு போ புள்ள" என்றார் காக்கா. "என்ட கையில கிடந்தா இது கடை பில்லுத்தான் எழுதும்."

காக்காவின் மனைவி அஸ்மியா, அக்கா முறையில் அவளுக்குத் தாத்தா, இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு சுலோஜனாவுக்குப் பாலத்தடிக்குப் போவதே ஒரு சந்தோசமாகிவிட்டது. பலகையைப் பார்க்கும்போது பேனை மூடியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். மூடியில் இரண்டு பல் அடையாளம் விழுந்துவிட்டது. பார்த்து, எழுதி, மூடி, செருகிக்கொண்டு நடப்பாள். உலகத்தில் ஒரு வேலையாவது சரியாக நடந்த திருப்தி அது. இதற்குக்கூட ஒருத்தருக்கு உரிமை இல்லையா?

இல்லை என்று மாதாந்தக் கூட்டத்தில் தெரிந்தது.

பணிப்பாளர் வினாயகமூர்த்தி உரையாற்றிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார். "அது என்ன பிள்ள கையில?"

"கொப்பி சேர்."

"அரசாங்கக் கொப்பியா?"

"இல்ல சேர். நான் வாங்கினது."

நிர்வாக உத்தியோகத்தர் நிஸ்தார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப சேர்," என்றார் நிஸ்தார், "இவ்வளவு காலமும் இந்த வாவிட நீர்மட்டம் தனியார் கையிலயா இருந்திருக்கு?"

பணிப்பாளருக்கு வியர்த்தது. அன்றைக்கே ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு பாசிக்குடாவில் ஒரு கடற்கரை விடுதியில் கூடி, பணியகத்துக்கென ஓர் உத்தியோகபூர்வ சட்டைப்பைக் குறிப்பேட்டை வடிவமைப்பது பற்றி ஆராய்ந்தது. சட்டைப்பைக் குறிப்பேடு என்றால் சட்டைப்பையின் அளவு தெரிய வேண்டும். எனவே உத்தியோகத்தர்களின் சட்டைப்பைகள் அளக்கப்பட்டன. பெரியது, சிறியது, பட்டி வைத்தது, கிழிந்தது என்று பலவாறு இருந்ததால் முடிவுக்கு வர முடியவில்லை. அப்போது நிஸ்தார் எழுந்து, ஒரு நிறுவனம் தலைமையைப் பின்பற்றுவதே முறை என்றார்.

பணிப்பாளர் இரண்டு கைபேசியும் ஒரு மருந்துப் பெட்டியும் வைப்பதற்காக விசேடமாகத் தைப்பித்த சட்டை அணிபவர். அந்தப் பையின் அளவு ஏகமனதாக நிறைவேறியது. குறிப்பேடு பஞ்சாங்கத்தைவிடப் பெரிதாக வந்தது. பணியகத்தில் அது அடங்கும் சட்டைப்பை ஒன்றே ஒன்றுதான்.

பேனைக்கு உபகுழு. மையின் நிறம் பதவி வழியே பகிரப்பட்டது. பணிப்பாளருக்குப் பச்சை. நிர்வாக உத்தியோகத்தருக்குச் சிவப்பு. இலிகிதர்களுக்கு நீலம். கறுப்பைக் கணக்குப் பகுதி விட்டுக்கொடுக்கவில்லை. களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு என்று வந்தபோது நிறங்கள் முடிந்துவிட்டன. எனவே சாம்பல். இளஞ்சாம்பல் என்று திருத்தமும் சேர்த்தார்கள்.

வெளியீட்டு விழா மண்டபத்தில் நடந்தது. மங்கல விளக்கு, மாலை, வரவேற்பு நடனம், பொன்னாடை. குறிப்பேட்டைத் தாம்பாளத்தில் பட்டுத் துணி போர்த்திக் கொண்டுவந்தார்கள். திறந்தால் முதலில் பணிப்பாளரின் வாழ்த்துச் செய்தி, படத்துடன். அடுத்து நிஸ்தாரின் வாழ்த்துச் செய்தி, படத்துடன். பிறகு குழுவின் படம், உபகுழுவின் படம், சட்டைப்பை அளக்கும் படம். எழுதுவதற்கான பக்கங்கள் பின்னால் கொஞ்சம் இருந்தன. படங்கள் எடுப்பாக விழவேண்டும் என்று எல்லாப் பக்கத்தையும் வழுவழுப்பான தாளில் அச்சிட்டிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகைத் தாள்.

பணிப்பாளர் பேசினார்.

"இந்தக் குறிப்பேட்டில் எழுத இடம் குறைவு என்று சிலர் முணுமுணுப்பதாக அறிகிறேன். நான் கேட்கிறேன், எழுதுவதற்கு என்ன இருக்கிறது? எழுதினால் கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் எழுத வேண்டும். பதில் எழுதினால் அதற்கொரு கேள்வி வரும். என்னுடைய சேவைக் காலம் முழுவதும் நான் எழுதியது என்னுடைய கையொப்பத்தை மட்டுமே. அதனால்தான் இன்று உங்கள் முன்னால் இந்த இடத்தில் நிற்கிறேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. யாரும் பகிடிக்குத் தட்டவில்லை.

பிறகு தனியார் எழுதுபொருட்கள் கையேற்பு. சுலோஜனா மேடைக்கு அழைக்கப்பட்டாள். அவளுக்குக் குறிப்பேடும் இளஞ்சாம்பல் பேனையும் தந்து, பெற்றுக்கொண்டதாகக் குறிப்பேட்டில் எழுதுவதற்கென்று விட்ட முதல் பக்கத்தில் ஒப்பமிடச் சொன்னார்கள். சாம்பல் பேனை வழுவழுப்பான தாளில் வழுக்கியது. இன்னொருமுறை எழுதினாள். தாள் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நிஸ்தார் அவசரப்படுத்தினார். அவள் இடுப்புப் பையிலிருந்து கறுப்புப் பேனையை எடுத்து ஒப்பமிட்டாள். ஒப்பமிட்ட கையோடு அந்தப் பேனையும் கொப்பியும் தாம்பாளத்துக்குப் போயின.

பணிப்பாளர் அந்தப் பேனையைத் தூக்கிப் பார்த்தார். "நல்லா எழுதுமா?"

"எழுதும் சேர்."

"சரி, பாதுகாப்பா வைக்கச் சொல்றன்."

அடுத்த கிழமை சுலோஜனாவுக்கு விளக்கம் கோரும் கடிதம் வந்தது. குறிப்பேடு இடப்பக்கச் சட்டைப்பையில் வைக்கப்பட வேண்டும் என்பது சுற்றுநிருபம். பெண் உத்தியோகத்தர்கள் சேலை அணிய வேண்டும் என்பது இன்னொரு சுற்றுநிருபம். சேலை அணிந்து வந்த சுலோஜனாவிடம் சட்டைப்பை இல்லாதது ஏன் என்று கேட்டிருந்தார்கள்.

"சேலைக்குப் பொக்கற் இல்ல சேர்" என்றாள் நிஸ்தாரிடம்.

"அது எங்களுக்கும் தெரியும். எழுத்தில தாங்க."

"எதால எழுதுற சேர்?"

நிஸ்தார் கண்ணாடியைக் கழற்றினார். அவள் வெளியே வந்துவிட்டாள்.

மார்கழியில் மழை பிடித்தது. விடாத மழை. வாவி ஒவ்வொரு நாளும் பலகையில் ஏறிக்கொண்டிருந்தது. சுலோஜனா ஒரு கையில் குடையும் மறு கையில் அந்தப் பஞ்சாங்கமுமாகப் பாலத்தடியில் நின்றாள். பேனையை வைத்தால் சாம்பல் தண்ணீர் உருண்டு ஓடிச் சேலையில் சொட்டியது. ஊதிப் பார்த்தாள், உதறிப் பார்த்தாள், குடைக்குள் குந்தியிருந்து எழுதிப் பார்த்தாள். பணிப்பாளரின் படத்தில் ஒரு துளி விழுந்ததுதான் மிச்சம்.

வினோஜன் வயலிலிருந்து போன் எடுத்தான். "புள்ள, வரம்பு மறைஞ்சு போச்சு. பயிர் குடலையில நிக்கிது. கதிர் வெளிய வாறதுக்கு முந்தி தண்ணி மூடினா ஒரு மணியும் மிஞ்சாது. ஆத்துவாய எப்ப வெட்டுறாங்களாம்?"

"நான் எழுதிக் குடுத்தாத்தான் வெட்டுவாங்க."

"அப்ப எழுதன்!"

அவள் தனித் தாளில் பென்சிலால் எழுதிக் கொண்டுபோனாள். பென்சில் பதிவு அழிக்கக்கூடியது, செல்லாது என்றார் நிஸ்தார். கடையில் மார்க்கர் வாங்கி இன்னொரு தாளில் எழுதிக் கொண்டுபோனாள். அது கறுப்பு, கணக்குப் பகுதிக்குரிய நிறம் என்று திருப்பி அனுப்பினார். வீட்டில் அடுப்படிச் சூட்டில் குறிப்பேட்டைக் காயவைத்து, சாம்பல் பேனையை அழுத்தி அழுத்தி மங்கலாக ஒரு வரி எழுதிக் கொண்டுபோனாள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தாள் காஞ்சு கிடக்கு. மழை பெஞ்ச நேரம் அவடத்தயே எழுதின பதிவெண்டா தாள் எப்பிடிக் காஞ்சு கிடக்கும்? இது வீட்டில இருந்து எழுதினது."

சுலோஜனா பணிப்பாளரின் அறைக்குப் போனாள். அறையின் யன்னலுக்கு வெளியே பணியக வளவுக்குள் வாவி வந்துவிட்டிருந்தது. காவலாளி உட்காரும் கதிரை மிதந்தது.

"சேர், தண்ணிய நீங்களே பாருங்க. இன்னும் ரெண்டு நாள் போனா படுவான்கரையில ஒரு வட்டையும் மிஞ்சாது. ஒரு சொல்லுச் சொல்லுங்க சேர்."

பணிப்பாளர் யன்னலைப் பார்த்தார். மனிதர் அன்று மிகவும் பொறுமையாகத்தான் பேசினார்.

"பிள்ள, தண்ணி கூடினது எனக்குத் தெரியாதா? காரைக் கொண்டுபோய் மேட்டில விட்டுட்டுத்தான் வாறன். ஆனா அது நான் தனிப்பட்ட முறையில அறிஞ்சது. பணிப்பாளருக்கு இன்னும் தெரியாது. நீங்க எழுதித் தந்தாத்தான் பணிப்பாளருக்குத் தெரியும்."

"அப்ப என்ட பேனையத் தாங்க சேர். இப்பவே போய் எழுதிக்கொண்டு வாறன்."

"அது களஞ்சியத்தில. விண்ணப்பிச்சு எடுக்கலாம். விண்ணப்பத்த உங்கட உத்தியோகபூர்வ பேனையால நிரப்புங்க."

அடுத்த நாள் வினோஜனே வந்தான். முழங்கால்வரை சேறு, இடுப்பில் நனைந்த சாரம். கையில் ஒரு பிடி பயிர். பணிப்பாளரின் மேசையில் அதைப் போட்டு, ஒரு தண்டைப் பிளந்து காட்டினான். உள்ளே கதிராக வேண்டியது பழுப்பாகக் குழைந்து கிடந்தது. அழுகல் நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

"மணந்து பாருங்க சேர்" என்றான். "இத எழுதத் தேவல்லத்தானே."

பணிப்பாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மணியை அடித்தார். சிற்றூழியர் ஓடிவந்தார்.

"மேசையத் துடைங்க" என்றார்.

ஆற்றுவாயை யாரும் வெட்டவில்லை. பொறுத்துப் பார்த்த வாவி ஒரு விடியற்காலையில் தானே மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போயிற்று. பணியகம் உடனே அவசரக் கூட்டம் கூட்டி, வாவி அனுமதி பெறாமல் நடந்துகொண்டதையிட்டு ஆழ்ந்த கவலை தெரிவித்தது. தண்ணீர் வடிந்த வட்டைகளில் பயிர் படுத்துக் கிடந்தது. நாற்றத்தில் நாய்கூட அந்தப் பக்கம் போகவில்லை. நட்டஈடு கேட்டுப் போன வயல்காரர்களிடம் வெள்ளப் பதிவைக் கொண்டுவரச் சொன்னார்கள். பதிவு இருக்க வேண்டிய இடம் சுலோஜனாவின் குறிப்பேடு. அதில் முதல் பக்கத்துக் கையொப்பத்தைத் தவிர ஒன்றுமில்லை. மங்கலாக எழுதிய அந்த ஒரு வரியும் ஈரத்தில் போய்விட்டது.

வருட முடிவு அறிக்கையில் பணிப்பாளர் இப்படி எழுதுவித்தார்: "புதிய குறிப்பேடு அறிமுகப்படுத்தப்பட்ட பின்னர் எமது பிரதேசத்தில் வெள்ளம் எதுவும் பதிவாகவில்லை."

கொழும்பிலிருந்து பாராட்டு வந்தது. பாராட்டு வந்தால் விழா எடுக்க வேண்டும். அதே மண்டபம், அதே விளக்கு, அதே நடனம். குறிப்பேட்டைச் சிறப்பாகப் பேணியவருக்கு விருது என்றார்கள். எல்லோருடைய குறிப்பேடுகளும் ஆராயப்பட்டன. ஒரு வெட்டுக்கொத்தும் இல்லாமல், ஒரு அழிப்பும் இல்லாமல், மிகச் சுத்தமாக இருந்தது சுலோஜனாவின் குறிப்பேடு.

அவள் போக மாட்டேன் என்றாள். வராவிட்டால் விளக்கம் கேட்பார்கள் என்று கூட வேலை செய்யும் கஜானி இழுத்துக்கொண்டு போனாள். மேடையில் ஏறியபோது புருசனின் சாரத்தில் வந்த அழுகல் நாற்றம் சுலோஜனாவின் மூக்கில் இருந்தது. விளக்கு, மல்லிகை, ஊதுபத்தி, எல்லாவற்றையும் மீறி இருந்தது. பரிசு ஒரு புதிய குறிப்பேடும் ஓர் இளஞ்சாம்பல் பேனையும்.

"இந்தச் சகோதரியைப் பாருங்கள்" என்றார் பணிப்பாளர் ஒலிவாங்கியில். "வெள்ளம் வெள்ளம் என்று ஊரே கத்தியபோது ஒரு வார்த்தை எழுதினாரா? இதுதான் நிதானம். இதுதான் பொறுப்பு."

சான்றிதழில் ஒப்பமிட அவர் சட்டைப்பைக்குள் கைவிட்டார். இரண்டு கைபேசி வந்தது, மருந்துப் பெட்டி வந்தது. குறிப்பேட்டைக் காணோம். பாரம் என்று அவர் அதை வீட்டில் வைத்துவிட்டிருந்தார். பிறகு ஒரு பேனை வந்தது. கறுப்புப் பேனை. மூடியில் இரண்டு பல் அடையாளம்.

சுலோஜனா அந்தப் பல் அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மழை நாள் முழுக்க, விண்ணப்பம் நிரப்பச் சொன்ன அந்த நேரத்திலும், அது மேசைக்கு அந்தப் பக்கம் அந்தப் பைக்குள்தான் இருந்திருக்கிறது. காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. மேடையில் கம்பளம் விரித்திருந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

பணிப்பாளர் ஒப்பமிட்டார். கோடு விடாமல், அழகாகப் போயிற்று. "பெற்றுக்கொண்டதுக்கு நீங்களும் ஒண்டு வைங்க" என்று பதிவேட்டை நீட்டியவர், பரிசுப் பேனை எழுதாது என்பது தெரிந்ததனால், பழக்கத்தில் தன் கையிலிருந்ததையே கொடுத்தார்.

அவள் ஒப்பமிட்டாள். மூடியைப் போட்டாள். பேனையை இடுப்புத் துணிப்பையில் செருகினாள். பரிசை மேசையில் அப்படியே விட்டுவிட்டு, படியிறங்கி நடந்தாள். பணிப்பாளர் நீட்டிய கையோடு நின்றார். அதையும் படம் பிடித்தார்கள்.

அன்று பின்னேரம் ஹமீட் காக்காவின் கடைக்குப் போய், நூலால் தைத்த குட்டிக் கொப்பி ஒன்று கேட்டாள். காக்கா அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளில் தண்ணீர் தொட்டு வைத்தார். அவள் எழுதினாள். விடாமல் எழுதியது.

மூன்றாம் நாள் பணியகத்திலிருந்து கடிதம் வந்தது. அரச பொறுப்பிலிருந்த பேனை ஒன்றை மேடையில் வைத்து அபகரித்தமைக்கு உடனடியாக விளக்கம் தரவேண்டும், தவறினால் பதவி நீக்கம் வரை செல்லும் என்று தட்டச்சில் அடித்திருந்தது. வினோஜன் அதைக் கையில் வாங்கி, மேலும் கீழும் திருப்பிப் பார்த்தான்.

"புள்ள, இதில கையொப்பத்தக் காணல்லையே."

சுலோஜனா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பணிப்பாளர் என்று அடித்திருந்த இடத்துக்கு மேலே தாள் மட்டும் பள்ளமாகிக் கிடந்தது. அழுத்தி அழுத்தி எழுதிய தடம். மை ஒரு துளியும் இல்லை. உத்தியோகபூர்வ பச்சைப் பேனை.

அவள் குட்டிக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கறுப்புப் பேனையால் பதில் எழுதினாள்.

"தங்கள் கடிதம் வந்தது எனக்குத் தனிப்பட்ட முறையில் தெரியும். நீர்மட்ட வாசிப்பாளருக்கு இன்னும் தெரியாது."